பத்ரியின் பிரிக்காத பெட்டி

பாம்பே மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பத்ரிநாராயணன், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெபுடி மேனேஜர். ஆபீசில் அவரை யாரும் சட்டை செய்வதில்லை. மணியடித்தால் பியூன்கூட சாவகாசமாகத்தான் எட்டிப் பார்ப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கத்துக் காபி ஹோட்டலுக்குள் அவர் நுழைந்தால் ஒரு மேஜை முழுக்க எழுந்து நிற்கும். "பத்ரி சார் ஆகயே, வந்துட்டார்!" என்று நாற்காலி இழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மேஜைக்குப் பெயர் 'பாம்பே கேசட் மண்டலி'. பாட்டு கேசட் இல்லை. டிவியோடு இணைத்து விளையாடுவோமே, அந்தப் பழைய வீடியோ கேமின் முதுகில் செருகுகிற தடிமனான கேசட். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிற ஆண்பிள்ளைகள் அதைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வருவார்கள். உல்லாஸ்நகரிலிருந்து ஒருவர் ரயிலில் இடிபட்டு வந்து ஒரு கேசட்டைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிப் போவார். மறு மாதம் அதையே திருப்பிக் கொடுத்துப் பழையதைக் கேட்பார். வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோனது ஞாபகம் இருக்காது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன விளையாடினோம் என்பது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கும். மண்டலி முழுக்க அப்படிப்பட்ட ஆத்மாக்கள்தான்.

அவர்களுக்கெல்லாம் பத்ரி எப்படித் தலைவரானார்? அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. பிரிக்காத பெட்டி.

எண்பத்தொன்பதில் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, பதினான்கு வயசுப் பத்ரிக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். தைவான் சரக்கு. பெட்டியின் மேல் ஒரு குட்டி விமானம் இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து பறந்துகொண்டிருந்தது. பையன் பிரிக்கப் போனான். அப்பா அனந்தகிருஷ்ணன், ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க், மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே கையை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

"இப்போ என்ன அவசரம்? பரீட்சை முடியட்டும்."

எந்தப் பரீட்சை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், அங்கேதான் இருக்கிறது ஹெட் கிளார்க் மூளை. அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. பத்தாவது முடிந்தது. "பன்னண்டாவது முடியட்டும்டா" என்றார். அது முடிந்ததும் பி.காம். அதற்கு நடுவே இன்னொரு பயமுறுத்தல் வேறு: "அதைப் போட்டா டிவியோட பிக்சர் ட்யூப் போயிடும், கேட்டியோ?" கொடுமை என்னவென்றால், பத்ரி பன்னிரண்டாவது படிக்கும்போது வீட்டு டிவியின் பிக்சர் ட்யூப் நிஜமாகவே போயிற்று. "நாயித்துக்கெழமை கார்த்தாலே வாயைப் பொளந்துண்டு டிவி பார்த்தியோல்லியோ, அனுபவி" என்று திட்டும் அவனுக்கே விழுந்தது. பெட்டி பீரோவின் மேலேயே இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அம்மா அதை இறக்கி, பத்ரியின் புத்தகங்களோடு அடுக்கி, பெட்டியின் வாயில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். "அதுவும் கொழந்தையோட சாமான்தானே" என்பாள். பூஜை முடிந்ததும் மறுபடி பீரோ மேலே போய்விடும். பத்ரிக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, அம்மா காலமானாள். பெட்டியைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகுதான் உலகம் தலைகீழாகப் புரண்டது. பழைய வீடியோ கேம்களுக்கு ஒரு கூட்டம் கிளம்பி, சீல் பிரிக்காத பெட்டி என்றால் கோயில் விக்கிரகம் மாதிரி கும்பிட ஆரம்பித்தது. பத்ரி ஒரே நாளில் பெரிய மனிதராகிவிட்டார். அம்மா வைத்த பொட்டுகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "வருஷத்துக்கு ஒரு பொட்டு. என் பெட்டிக்கு ஜாதகமே இருக்கு, பாருங்கோ" என்று போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார்.

மண்டலியில் பழைய நினைவுகளைப் பேசுவதிலும் பத்ரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேசட் வேலை செய்யாமல் போனால் கன்னம் வலிக்க ஊதி ஊதிச் செருகியது, கட்டைவிரலில் கொப்புளம் வந்தது, கடைசி ஸ்டேஜில் கரண்ட் போனது என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அத்தனையும் இரவல். போன வாரம் தாணேக்காரர் ஒருவர் சொன்ன கொப்புளம் இந்த வாரம் பத்ரியின் கட்டைவிரலுக்கு வந்திருக்கும். நிஜத்தில் மனிதர் ஜென்மத்தில் ஒரு தடவைகூட விளையாடியதில்லை. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு வாங்கிக் குவித்தவற்றையும் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் பூட்டிவைத்தார். மகள் சாருலதா சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை கேட்டாள். "தொட்டா வேல்யூ போயிடும்டி கண்ணா" என்று சொல்லிவிட்டார். அவள் இப்போது புனேயில் வேலையாக இருக்கிறாள், அந்த அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் மண்டலி செம்பூரில் ஒரு ஹாலை எடுத்துக் கண்காட்சி வைப்பதாக முடிவு செய்தது. நட்ட நடுவே கண்ணாடிக்குள் பத்ரியின் பெட்டி. அதற்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. அசல் சீல்தான் என்று மண்டலியின் கமிட்டி சான்றிதழ் தர வேண்டும். பத்ரிக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு அது வெறும் சான்றிதழ் இல்லை. விளையாட வேண்டிய வயசில் விளையாட விடாமல் போன அப்பாவை அவர் அந்தப் பெட்டியை வைத்துத்தான் மன்னித்திருந்தார். 'அப்பா அன்னிக்குத் தடுக்கலைன்னா இன்னிக்கு இந்தப் பெட்டி ஏது?' என்று நாள் தவறாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சீல் பொய் என்று ஆகிவிட்டால் அந்தச் சமாதானமும் போய்விடும். பாவம், வேறு என்ன இருக்கிறது அவருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் மானசா, செம்பூர்ப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனி. வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, ஒரு குட்டி டார்ச் எல்லாம் கொண்டுவந்திருந்தாள், ஏதோ ஆபரேஷன் செய்யப் போகிறவள் மாதிரி. கூடவே சாட்சிக்கு ஜெப்ரி. தாராவிக்காரர். அவர் அப்பா இன்னாசிமுத்து அந்தக் காலத்தில் டிவி வைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் பையன்களை விளையாட விட்ட கடைக்காரர். மண்டலியிலேயே அதிகமாகக் கட்டைவிரல் தேய்ந்த ஆள் ஜெப்ரிதான். பத்ரியின் கொப்புளக் கதைகளைக் கேட்டு அவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டதில்லை.

பத்ரியின் மனைவி ஷ்யாமளா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்தாள். எண்பத்துநாலு வயசு அனந்தகிருஷ்ணன் ஹால் மூலையில் ஈஸி சேரில் இருந்தார். பெட்டி மேஜைக்கு வந்ததைப் பார்த்ததும், காலையிலேயே முடித்துவிட்ட சந்தியாவந்தனத்தை மறுபடியும் ஆரம்பித்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்ன திடீர் பக்தி என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மானசா டார்ச்சை அடித்துப் பெட்டியின் வாயைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்கோ. இந்தப் பொட்டெல்லாம் டேப்புக்கு மேல இருக்கு. ஓகே. ஆனா ஒரு பொட்டு டேப்புக்கு அடியில இருக்கே?"

"அடியிலேன்னா?"

"பொட்டு வெச்சப்புறம் டேப் ஒட்டியிருக்கா."

ஜெப்ரி குனிந்து பார்த்தார். "ஆமா சார். தைவான் ஃபேக்டரியில சரஸ்வதி பூசை பண்ணிட்டா டேப்பு ஒட்டுனான்? இது ஆபீஸ்ல கவர் ஒட்டுத டேப்புல்லா!"

பத்ரியின் காது சூடாகிவிட்டது. "நான்சென்ஸ்! அந்தக் குங்குமம் உருகி உள்ளே போயிருக்கும். சாமான் உள்ளே புத்தம் புதுசா இருக்கும், பந்தயம்!" என்று கத்தினார். கத்தியவர் சும்மா இருந்திருக்கலாம். ஆத்திரத்தில் ஷ்யாமளா கையிலிருந்த காய்கறிக் கத்தியைப் பிடுங்கி, ஜன்மம் முழுக்கப் பிரிக்காத பெட்டியைச் சரக்கென்று பிரித்துவிட்டார்.

உள்ளே கேசட் செருகியபடியே மெஷின் இருந்தது. ஜாய்ஸ்டிக்கும் இருந்தது. ஆனால் அதன் கைப்பிடி ரப்பர் பிளந்து நூல் சுற்றியிருந்தது. சிவப்புப் பொத்தான் தேய்ந்து வெளுத்து, நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்தே போயிருந்தது. மானசா அதைக் கையுறைக் கையால் எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், அடுக்கடுக்காகத் தும்ம ஆரம்பித்தாள். பொத்தான் இடுக்கிலிருந்து பழுப்பாக ஏதோ பொடி மேஜையில் கொட்டியது.

ஷ்யாமளா ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். "ஏன்னா, இது மூக்குப்பொடின்னா!"

அந்த வீட்டில் மூக்குப்பொடி போட்ட ஆசாமி ஒருவர்தான். எல்லாரும் ஈஸி சேரைப் பார்த்தார்கள். கண் மூடியபடியே இருந்தது. மந்திரம் மட்டும் கொஞ்சம் வேகம் பிடித்தது.

"அப்பா!" என்றார் பத்ரி.

பத்ரிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை. "சரி! இனிமே எதுக்கு வேல்யூ, எதுக்கு சான்றிதழ்! ஜெப்ரி, இதைப் போடுங்கோ. நான் இன்னிக்கு ஆடியே தீருவேன்!" என்றார். அலமாரியிலிருந்து பழைய டப்பா டிவியை இறக்கினார்கள். ஜெப்ரி ஒயரைச் சொருகித் திருகித் தட்ட, திரையில் கொஞ்ச நேரம் மழை பெய்து, அப்புறம் இரண்டு மலைகளும் ஒரு குட்டி விமானமும் வந்தன.

பத்ரி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். விமானம் நேராகப் போய் மலையில் மோதி வெடித்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி மலை. மூன்றாவது தடவை மலைவரைகூடப் போகவில்லை.

"சார், கடைசி ஸ்டேஜ்ல கரண்டு போச்சுன்னீயளே," என்றார் ஜெப்ரி, "எந்த ஆட்டத்துல?"

மானசா தும்மலுக்கு நடுவே சிரித்தே விட்டாள். பத்ரியின் பெட்டியும் போயிற்று, கொப்புளமும் போயிற்று. தலை நிமிராமல் இன்னொரு தடவை விமானத்தைக் கிளப்பினார்.

"எடது பக்கம் போகாதேடா மண்டூகம்! அங்கே மலை மறைஞ்சுண்டு நிக்கும்!"

ஈஸி சேரிலிருந்துதான். கண் திறந்திருந்தது, மந்திரம் நின்றுபோயிருந்தது. சொல்லிவிட்டோமே என்று கிழவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் காரியம் முடிந்துவிட்டது.

"ஓஹோ," என்றாள் ஷ்யாமளா. "அப்போ அந்தப் பிக்சர் ட்யூப் போனது?"

அனந்தகிருஷ்ணன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "சனிக்கெழமை எனக்கு அரை நாள் ஆபீஸ். இவன் சயான்ல கோச்சிங் கிளாஸ் போயிடுவான். இவன் அம்மா பஜனைக்குப் போயிடுவா. நான் தனியா என்ன பண்ணறது?"

"ஏம்ப்பா, என்கிட்டே மட்டும் பரீட்சை முடியட்டும், முடியட்டும்னு..." பத்ரி ஜாய்ஸ்டிக்கோடு திரும்பினார். "திட்டுகூட நான்தானே வாங்கிண்டேன்!"

"நீ கெட்டுப் போயிடப்படாதேன்னு பார்த்தேன். நான் கெட்டா யாருக்கு நஷ்டம்? எனக்கு உத்தியோகம் ஆயாச்சு." ஈஸி சேரிலிருந்து மெள்ள எழுந்து வந்தார். ஒவ்வொரு நாளும் காபி டம்ளரைப் பிடிக்கவே நடுங்குகிற கை. "கொண்டா இப்படி. நீ பிடிக்கறதே சரியில்லை."

ஜாய்ஸ்டிக் அவர் கைக்குப் போயிற்று. கட்டைவிரல் அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. நடுக்கம் எங்கே போயிற்றோ! விமானம் மலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று, தாழ்ந்தது, எழும்பியது, அடுத்த ஸ்டேஜுக்குத் தாவியது. ஜெப்ரி, "ஏ யப்பா! தாத்தா கையைப் பாத்தீயளா!" என்று விசிலடித்தார். பரிசோதிக்க வந்த மானசா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை தட்டினாள். சான்றிதழைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை.

பத்ரிக்கு மட்டும் கை தட்ட மனம் வரவில்லை. ஐம்பது வயசில், ஒரு டெபுடி மேனேஜருக்கு, தன் அப்பாமேல் இப்படிப் பொறாமை வரும் என்று யார் நினைத்தார்கள்? ஆனால் அந்த விமானத்தைவிட்டு அவரால் கண்ணையும் எடுக்க முடியவில்லை. பெட்டியின் மேல் எத்தனையோ வருஷம் நகராமல் நின்றிருந்த விமானம் இப்போது நிஜமாகவே பறந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை விட்டு இறங்கி, அப்பாவின் முழங்காலருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா," என்றார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது. "எனக்கு ஒரு சான்ஸ் தாங்கோப்பா."

கிழவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு. இந்த ஸ்டேஜ் முடியட்டும்."