முந்திரி மரத்துக் கிண்ணங்கள்

ஐப்பசியில் அடித்த காற்றில், ஜெயங்கொண்டம் பக்கத்து எங்கள் கொல்லையில் முந்திரி மரங்கள் அத்தனையும் சாய்ந்தன. விறகுக்காரர் லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார். கிணற்றோரத்து மரத்தை மட்டும் என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. அதற்குப் பாதி வேர் மண்ணிலேயே இருந்தது. கிளைகளைக் கழித்து, மரத்தை நிமிர்த்தி முட்டுக்கொடுத்து, வெட்டின இடமெல்லாம் சாணியைக் குழைத்து அப்பினோம். மரத்துக்கு அடிபட்டால் எங்கள் பக்கத்தில் அதுதான் மருந்து.

“இது துளுத்துடுச்சுன்னா இங்கயே கெடந்து மறுபடி கன்னு நடலாம். இல்லன்னா திருப்பூர்தான்” என்றார்.

அங்கே சாயப்பட்டறை வேலை. அவருக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. போனால் இந்த மனிதர் முழுசாகத் திரும்பமாட்டார் என்று நான் பயந்தேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, சாணிப் பூச்சின் மேல் மிளகு மிளகாகப் பழுப்பு மொட்டுகள். நான்தான் முதலில் பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் அவர் வேப்பங்குச்சியைக் கடித்தபடியே ஓடிவந்தார். தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அங்கேயே நின்று, வேலைக்குக் கூப்பிட்டிருந்த திருப்பூர் ஆளுக்குப் போன் போட்டு, “நான் வரலண்ணே” என்றார்.

ரெண்டு நாளில் மொட்டுகள் விரிந்தன. இலை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணம், உள்ளே ஒரு சொட்டு மழைத்தண்ணீர். காளான். மக்கிப்போனதில்தான் அது வரும்.

“சாணிதானே புள்ள மக்குது? மரத்துக்கு ஒண்ணுமில்ல” என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

அவர் டவுனுக்குப் போயிருந்தபோது பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். கிண்ணங்கள் மரத்துக்குள்ளிருந்து கிளம்பியிருந்தன. மரம் ஊறின பன் மாதிரி நகத்தோடு வந்தது. பாழாய்ப்போன மரம்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு புதுச் சாணியைக் குழைத்து மூடினேன்.

அன்றிலிருந்து அவர் எழுந்திருக்குமுன் கொல்லைக்குப் போய், முளைத்த கிண்ணங்களைப் பிடுங்கிவிட்டுச் சாணி பூசுவதே என் வேலையாயிற்று. பிடுங்கப் பிடுங்க வந்தன.

ஒருநாள் போனபோது ஒன்றுகூட இல்லை. ஈரம் காயாத புதுச் சாணி. அதில் என் விரலைவிடத் தடித்த விரல்களின் தடம்.

வீட்டுக்கு வந்தேன். அவர் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மரம் எப்படி புள்ள இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

தலையை ஆட்டினார். நகத்து இடுக்கில் சாணி போகவில்லை. சோப்பை வைத்துவிட்டு, போனை எடுத்துவரச் சொன்னார்.