எங்கள் பஸ் வீடும் கறுப்பு ஒயரும்

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்தப் பழைய பஸ்ஸ வாங்கிப்போட்டேன். அதுக்குள்ள ஒரு ஊடு கட்டோணும்" என்று என் அண்ணன் வாசலில் நின்றுகொண்டே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அடுப்பில் வைத்த பாலை நான் பொங்கவிட்டேன். பஸ்ஸுக்குள் வீடா!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் பீளமேட்டில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு பஞ்சாலையில் எலக்ட்ரிக் வேலை. நீலகிரியிலிருந்து பைக்காரா கரண்ட் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. கரண்ட் வேலை தெரிந்தவர் என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். அண்ணனுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். பருத்தியும் சோளமும் போக, அவருக்கு மோட்டார் பைத்தியம். ஓடி ஓய்ந்த பஸ் ஒன்று விலைக்கு வந்ததும் விடவில்லை. உள்ளே படுக்கப் பலகை, சமைக்க ஒரு மூலை, துணி வைக்க அலமாரி, எல்லாம் அடித்துக்கொண்டு கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வர வேண்டும். எங்கே பிடித்திருக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

"லைட்டு நான் போடறேன் மச்சான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அதற்கப்புறம் அவர் கால் தரையில் படவில்லை.

லீவு நாளெல்லாம் அன்னூரில்தான். ஆசாரி பலகை அடிக்க, இவர் ஒயர் இழுத்தார். ரப்பர் மேல் நூல் பின்னிய ஒயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நானும் அண்ணியும் வெள்ளைத் துணியில் ஜன்னல் திரை தைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். சிவப்பு ஒயரை அவர் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். நீள மரப்பட்டையில் பள்ளமாகக் காடி எடுத்து, அதற்குள் படுக்கவைத்து, மேலே மூடி போட்டார். கறுப்பை மட்டும் பஸ்ஸின் இரும்புச் சட்டத்தின் மேலேயே ஓட்டி, தகரக் கொக்கி போட்டு அழுத்தி அடித்துவிட்டார்.

"ஏனுங்க, இதுக்கு மட்டும் மரப்பட்டை வேண்டாங்களா?" என்று கேட்டேன்.

"கறுப்பு சும்மா திரும்பி வர்ற ஒயரு அம்மணி. மில்லுல அப்படித்தான். ஷாக்கெல்லாம் சிவப்புலதான்."

பாட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதன் பிளஸ் முனையில் சிவப்பு, மைனஸ் முனையில் கறுப்பு. ஸ்விட்ச் எல்லாம் சிவப்பில். அவர் ஸ்விட்சைத் தட்டியதும் நாலு பல்பும் எரிந்தன. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் கத்திய கத்தலில் கட்டுத்தறி மாடுகள் மிரண்டன. அண்ணி கையைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில். நாங்கள் பெண்களும் பிள்ளைகளும் பின்னால். கட்டுச்சோறு, தண்ணீர்க் குடம், ஆளுக்கொரு கம்பளி. அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோடு அப்போது குண்டும் குழியும். பஸ் குதித்தபோதெல்லாம் பிள்ளைகள் "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்றன. தூரத்தில் மலை நீலமாகத் தெரிய ஆரம்பித்ததும் எனக்கே எழுந்து நின்று கத்தலாம்போல இருந்தது.

மேட்டுப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய குழியில் வண்டி இறங்கி ஏறியது. சற்று நேரத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம். டயர் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் படுக்கைப் பலகைக்குப் பின்னாலிருந்து புகை நூல் நூலாக வருகிறது.

"அண்ணா, நிறுத்துங்க! பொகை!"

வண்டி நின்றது. அண்ணி பிள்ளைகளை வாரிக்கொண்டு இறங்கினார். எங்கள் வீட்டுக்காரர் பின்னால் ஓடிவந்தார்.

"லைட்டே போடலீங்களே! ஸ்விட்சு எல்லாம் ஆஃப்ல இருக்குதே!"

"கறுப்புதாங்க பொகையுது!" என்றேன்.

"கறுப்பு பொகையாது!"

"வந்து பாருங்க!"

பார்த்தார். இரும்புச் சட்டத்தோடு ஓடிய கறுப்பு ஒயர் நெடுக நூல் கருகி, உள்ளே செம்பு சிவந்து தெரிந்தது. பக்கத்தில் மெத்தை ஓரம் கங்காகிவிட்டது. நான் தண்ணீர்க் குடத்தை அப்படியே மெத்தையில் கவிழ்த்தேன். அவர் முன்னால் தாவி, அண்ணன் சீட்டைத் தூக்கிப் பிடிக்க, ஸ்பேனரால் பாட்டரியின் சிவப்பு முனையில் இருந்த பிடியை அப்படியே கழற்றி விலக்கினார். புகை மெல்ல மெல்ல அடங்கியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெத்தையில் கையகலம் ஓட்டை. ரோட்டோரப் புளியமரத்தடியில் எல்லாரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். ஊட்டி போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் உட்காரவே இல்லை. கருகிய ஒயரை அறுத்து எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று கத்தினார்.

"மச்சான்! இங்க வாங்க! இந்தப் பட்டை எங்க போகுதுன்னு பாருங்க!"

பாட்டரியின் பிளஸ் முனைப் பிடியிலிருந்து ஒரு தடித்த செம்புப் பட்டை நேரே வண்டியின் இரும்பில் போய் முறுக்கப்பட்டிருந்தது. பஸ் செய்தவர்களே போட்டது. எண்ணெயும் புழுதியும் ஏறி யார் கண்ணிலும் படவில்லை. அவர் ஒரு பல்பில் இரண்டு துண்டு ஒயர் கட்டினார். பிடியைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு துண்டை வண்டி இரும்பில் வைத்தார். இன்னொன்றால் பாட்டரியின் சிவப்பைத் தொட்டார், எரியவில்லை. கறுப்பு முனையைத் தொட்டார், பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா அம்மணி? இந்த வண்டியில இரும்பு மொத்தமும் பிளஸ்ஸு. சிவப்பு எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. கறுப்பு பட்டாத்தான் ஆபத்து. நான் ஆபத்தானத இரும்பு மேல ஓட்டிப்போட்டு, சாதுவ மரப்பட்டைக்குள்ள பூட்டி வெச்சிருக்கறேன்!"

குழியில் குதித்தபோது தகரக் கொக்கி நூலையும் ரப்பரையும் வெட்டி, கறுப்புச் செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. ஸ்விட்ச் சிவப்பில் இருந்ததால் அதை அணைத்தும் பயனில்லை. நடுவில் பியூஸும் கிடையாது. எல்லாம் புரிந்ததும் அவருக்கு வருத்தமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதைப் பார்த்து அண்ணனும் சிரித்தார். "உங்க மில்லுச் சட்டம் பஸ்ஸுல செல்லாதுங்க மாப்பிள்ளை!"

அங்கேயே வேலை ஆரம்பமாயிற்று. மீதி ஒயர்ச் சுருள் பெட்டியில் இருந்தது. கறுப்பை மரப்பட்டைக்குள் மாற்றினார். இரும்பைத் தாண்டுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போட்டார். ஸ்விட்சுகளையும் கறுப்புக்கே கொண்டுபோனார். பாட்டரியை ஒட்டி ஒரு பீங்கான் பியூஸ் வைத்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன், அண்ணி திருகாணி எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் புளியம்பழம் பொறுக்கின.

"நிறத்த மாத்திப்போட்டரலாமா?" என்று அவர் யோசித்தார். "இரும்புல படக்கூடாத ஒயருக்குச் சிவப்பு?"

"அப்புறம் பாட்டரியில பிளஸ்ஸுன்னா சிவப்புன்னு நம்பி வர்றவன் கதி என்னாகறதுங்க? இருக்கறது இருக்கட்டும். சீட்டுக்கு அடியில எழுதி வைங்க" என்றேன்.

அண்ணன் மீதிப் பெயிண்டில் எழுதினார்: இந்த வண்டியில் இரும்பு பிளஸ். கறுப்பு ஜாக்கிரதை.

வெயில் சாய்கிற நேரத்தில் கல்லாறு தாண்டி மலை ஏறினோம். ஏறும்போது எஞ்சின் தண்ணீர் கொதிக்க, நிறுத்தி நிறுத்தி ஊற்றினோம். பர்லியார் பக்கம் பனி இறங்கியது. அவர் ஸ்விட்சைத் தட்டினார். நாலு பல்பும் எரிய, வெள்ளைத் திரைகள் எல்லாம் மஞ்சளாயின. தலையில் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "ஏனுங்க, இது ஊடுங்களா, பஸ்ஸுங்களா?" "ரெண்டுந்தாங்க!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

ஊட்டியில் ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தியிருந்தோம். மறுநாள் எங்கள் பஸ் விளக்கைப் பார்த்துவிட்டு ஒருத்தர் காரோடு வந்தார். புதிதாக விளக்குப் போட்டாராம், எரியவிட்டதும் ஒயர் சுடுகிறதாம். இவர் ஒயரைத் தொடவே இல்லை. முதலில் காருக்கு அடியில் படுத்து, பாட்டரியின் எந்த முனை இரும்பில் கட்டியிருக்கிறது என்று பார்த்தார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் பல்.

"அம்மணி! இது வேற கம்பெனி வண்டி. இதுல மைனஸ் இரும்பு! நம்முளுதுக்கு நேர் தலைகீழ்!"

வண்டிக்கு வண்டி சட்டம் வேறு என்பது அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பு. மூன்று நாளும் ஏரியை விட்டுவிட்டு, வந்து நிற்கிற கார்களின் அடியில்தான் ஊட்டி பார்த்தார். நானும் அண்ணியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகில் போனோம். கரையில் கார் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தால் அதுதான் எங்கள் வீட்டுக்காரர் என்று பிள்ளைகள் காட்டிக் காட்டிச் சிரித்தன.

திரும்பி வந்த அடுத்த வருஷம் அவர் மில் வேலையை விட்டுவிட்டு, பீளமேட்டு ரோட்டிலேயே மோட்டார் லைட்டு வேலைக்கு ஒரு பட்டறை போட்டார். பயமில்லையா என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பயம் எங்கே இருந்தது? பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.