விசாரித்தவர்களுக்கெல்லாம் சாம்பிள்

அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விருதுநகரில் காலண்டர் ஏஜென்சி. கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்து, சிவகாசியில் அச்சடித்து, புது வருஷம் பிறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழில். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் படங்களின் ஆல்பம் வெளிவந்துவிட்டால், அதற்குப் பிறகு டிசம்பர் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது.

அந்த ஏஜென்சிக் கடையின் பின்னறையில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் படிப்பை முடித்தாயிற்று. சென்னைக்கு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். காரியாபட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை நல்லவர் என்றார்கள். இருக்கட்டும், எனக்கு அப்போது கல்யாணமே வேண்டாம். கடைக்கு வெப்சைட் செய்கிறேன், வெளியூர் ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்று அத்தாவிடம் மன்றாடி ஒரு சீசன் அவகாசம் வாங்கியிருந்தேன்.

"ஆர்டர் வந்துச்சுன்னா நீ கடையிலயே இரு. வரலேன்னா உங்கம்மா சொல்றபடிதான்" என்றார் அத்தா. அதற்கு மேல் பேச்சில்லை.

படங்கள் போட்ட பக்கங்களெல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. உயிரை வாங்கியது அந்த விசாரணைப் படிவம்தான். பெயர், முகவரி, மின்னஞ்சல், என்ன வேண்டும் என்று நாலு கட்டம். கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எழுதியதெல்லாம் எங்கள் மெயிலுக்கு வர வேண்டும். அதற்கான நிரலை நெட்டில் இலவசமாகக் கிடைத்த இடத்திலிருந்து எடுத்தேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள். வேலை செய்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நாள் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலையில் மெயிலைத் திறந்தால் விசாரணைகள் குவிந்து கிடந்தன. படித்துப் பார்த்தேன். மாத்திரை, கைக்கடிகாரம், லாட்டரி, கடன். திறந்து கிடக்கிற படிவங்களைத் தேடி ஊர் ஊராக அலையும் நிரல்கள் எங்கள் கடையையும் கண்டுபிடித்துவிட்டன. எழுதியது மனிதர்களே இல்லை.

இதை அத்தாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவருக்கு ஆங்கிலத்தில் பெயரும் முகவரியும் படிக்கத் தெரியும். ஒரு ஏஜெண்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

"பேரு போட்டிருக்கு, ஊரு போட்டிருக்கு. ஆளில்லாமயா பேரு எழுதும்?"

"நம்மகிட்ட ஒண்ணுமே கேக்கல அத்தா. மாத்திரை விக்கிறாக."

"ஏன், மாத்திரைக் கடைக்காரன் காலண்டர் போட மாட்டானா?"

அதுவும் நியாயம்தான். ஊரில் காலண்டர் போடாத மருந்துக் கடை எது?

விசாரித்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். அன்றைக்கே பதிலும், ஆல்பத்திலிருந்து ஒரு சாம்பிள் படமும் தபாலில் போய்விட வேண்டும். பெயரைப் பார்த்துத்தான் படம். முருகன் பெயருக்கு முருகன், எங்களவர்களுக்கு மக்கா, மற்றவர்களுக்கு அவரவர் சாமி. அந்தக் கணக்கிலேயே வெள்ளைக்காரப் பெயர்களுக்கெல்லாம் ஏசு படத்தைச் சுருட்டி வைத்தார் அத்தா. மாத்திரை விற்கிற நிரல்களுக்கு ஏசு! ஒரு பெயர் சீனப் பெயராக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "கிளி படம் அனுப்பும்மா, யாரும் குறை சொல்ல மாட்டாக" என்றார். ஒவ்வொன்றோடும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை எனக்கு. எழுதி எழுதி அலுத்துப்போனேன். இல்லாத ஆளுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதிப் பாருங்கள், எவ்வளவு களைப்பு என்று தெரியும்.

கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி, பார்த்து எழுதச் சொல்கிற பெட்டி ஒன்று அப்போது வந்திருந்தது. அதைப் போட்டுவிடுகிறேன் என்றேன். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடைக்கு வர்றவுகளை வாசல்ல நிறுத்தி, நீ மனுசந்தானான்னு கேப்பியா? நல்லா இருக்கே!"

நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. அந்தக் குப்பையால்தான் என் நாள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் அண்ணனான மாமா காரியாபட்டிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "அமெரிக்காவுல இருந்தெல்லாம் கேக்குறாக மச்சான், இப்பப் போய் கல்யாணமா?" என்று அத்தா மார்தட்டினார். அது பொய்க் கூட்டம் என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

எங்கள் வெப்சைட்டுக்கு நெட்டில் இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருநாள் போன். மின்னஞ்சல் முகவரி எழுதும் கட்டத்துக்குள் யாரோ முகவரிகளை மூட்டையாகத் திணித்து, எங்கள் படிவம் வழியாகவே கண்ட ஊருக்கெல்லாம் மாத்திரை விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் கடைப் பெயர். சரிசெய்யாவிட்டால் வெப்சைட்டை மூடிவிடுவோம் என்றார்கள்.

"நம்ம பேர்லயா?" என்றார் அத்தா. முகம் சுண்டிப்போனது. உலகத்தில் எந்த விளக்கமும் செய்யாததை அந்த ஒரு செய்தி செய்துவிட்டது. "பூட்டிரும்மா" என்றார்.

பூட்டினேன். முகவரிக் கட்டத்தில் ஒரே ஒரு முகவரிக்கு மேல் எது வந்தாலும் தள்ளிவிடும்படி செய்தேன். கடிதம் எங்களைத் தவிர வேறு யாருக்கும் போக முடியாதபடி மாற்றினேன். கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றையும் உள்ளே வைத்தேன். மனிதர்களுக்கு அது தெரியாது, நிரல்கள் மட்டும் அதையும் நிரப்பிவிட்டு மாட்டிக்கொள்ளும். வாசலில் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அத்தாவின் மரியாதைக்குப் பங்கம் வராத பூட்டு. அதைச் செய்யச் செய்ய எனக்கு அழுகை வந்தது. என் கதவைத்தான் நான் சாத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மெயில் காலி. அடுத்த நாளும் காலி. அத்தா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்ணுகூடவா வரல?"

"இல்லத்தா."

"அப்ப இம்புட்டு நாளும் நான் அனுப்புனதெல்லாம்?"

நான் திரும்பவில்லை. தபாலுக்குக் காத்திருந்த சுருள்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, கையால் நீவிச் சாம்பிள் படக் கட்டுக்குள் திரும்ப வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பரிமாறினாள். நான் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாமா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ன மாப்ள, கம்ப்யூட்டர்ல ஏதும் தேறுதா? இல்ல காரியாபட்டிக்குச் சொல்லிருவமா?"

அத்தா, காலண்டர் லோடு தாமதமானால் தாமதம் என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். அதனாலேயே ஆர்டர்களை இழந்தவர். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"வந்துக்கிட்டேதான் இருக்கு மச்சான்" என்றார். "பதில் எழுத ஆள் பத்தல. இவளை அனுப்பிட்டா கடையை யாரு பாக்குறது?"

சொல்லிவிட்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டார்.