கழலமாட்டேன் என்ற அடிமூடி

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையெல்லாம் பூட்டு. நாங்கள் இருக்கிற ஹம் நகரில் எங்கள் தெருப் பேக்கரி மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஆனால் மூலைவீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற சிகரெட் மெசினுக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. வங்கி அட்டையைக் காட்டினால் எந்த நேரமும் தரும். அந்த இழவு மெசினை எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

என் மனுசனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து அப்போது ஏழு மாதம். இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவர் வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினார். அதுவும் நல்ல சாமான் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வரைக்கும் சிகரெட்டைத் தொடவில்லை. எனக்கு அது போதும்.

அந்த ஞாயிறு காலை வேப்பில் கருகல் நாற்றம். உள்ளே சூடாகிப் புகை கிளப்புகிற கம்பிச்சுருள், கொயில், எரிந்துவிட்டது. புதுக் கொயில் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஆனால் மாற்றுவதற்கு, திரவம் ஊற்றுகிற டாங்கியின் அடிமூடியைத் திருகிக் கழற்றவேண்டும். அது அசையவில்லை. இவர் துணியைச் சுற்றிப் பிடித்து நரம்பு புடைக்க முறுக்கினார்.

“திருகு மறை இறுகிப்போச்சு. கழட்ட ஏலாது.”

“உங்களுக்குத்தான் மறை எப்பவோ கழண்டிட்டுதே! இஞ்ச தாங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒருக்கா நடந்துவிட்டு வருகிறாராம். எங்கே நடப்பார் என்று எனக்குத் தெரியாதா?

“இது கழலும் வரைக்கும் ஒரு இடமும் போகேலாது. இருங்கோ.”

எங்கள் ஆட்களுக்கு எதற்கும் எண்ணெய்தான். கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய், விரலில் மோதிரம் இறுகினாலும் எண்ணெய். யோசிக்காமல், சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் நாலு துளியை மறையில் விட்டேன்.

“ஐயோ, என்னப்பா செய்யிறீர்! எண்ணெய்ப் புகை உள்ளுக்குப் போகவே கூடாதெண்டு வேப் வித்த கடைக்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னவளல்லோ!”

அதையும் கெடுத்தேன். விரல் வேறு வழுக்கியது. என்னையே திட்டிக்கொண்டு, கோப்பை கழுவுகிற சவர்க்காரம் போட்டுக் கழுவி, டாங்கியைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தேன். நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்துக் கையுறை இரண்டு சோடி என் பையில் இருந்தது. ஆளுக்கொரு சோடி மாட்டினோம். ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நான் மேல்பக்கத்தைப் பிடித்தேன், அவர் அடிமூடியைப் பிடித்தார்.

“ம்… முறுக்குங்கோ!”

முறுக்கினார். அசையவில்லை. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். வலப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக பாக்டரியில் ஸ்க்ரூ பூட்டுகிற, கழற்றுகிற மனிதர்! டாங்கியைப் பறித்து, இடப்பக்கம் ஒரே முறுக்கு. கழன்றுவிட்டது.

“இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டல்லோ இருந்தனீங்கள்?”

“ஓம்” என்றார். “சிகரெட் ஒண்டே ஒண்டு பத்தப் போக ஒரு சாட்டு வேணும்போல இருந்தது.”

ஏழு மாதமாக இவர் ஒரு தும்மல் தும்மினாலும் ஓடி வந்து பார்த்தவள் நான். “சாகப்போறதெண்டால் சொல்லிப்போட்டுச் சாகுங்கோ!” என்று கத்தினேன். அழுகையும் வந்தது. “பத்தத்தான் வேணுமெண்டால் மெசின் அந்தா இருக்கே. பிறகேன் போகாமல் இதில குந்திக்கொண்டிருந்தனீங்கள்?”

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

“நீர் எப்பிடியும் திறந்துபோடுவீர் எண்டு தெரியும்” என்றார். “அதுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தனான்.”