ஹட்டன் ஸ்டேசனில் அழுத பெண்

இன்று ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறினேன். பனிமூட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஞ்சினியருக்குப் படிக்கிற தங்கச்சிதானே? நேத்து ஸ்டேசன்ல பெட்டியோட நின்னு அழுதியே, படிப்ப விட்டுட்டேன்னு.”

“நேத்து நான் கொழும்புல இருந்தேன்க்கா.”

“இதே மொகம். ‘பொம்பளைக்கு எதுக்கு இது, அதுவும் தோட்டத்துக்காரிக்கு’ன்னு தெனமும் கேக்குறாங்கன்னு நீதானே சொன்ன?”

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் நான் ஒருத்திதான். அந்தக் கேள்வியை நான் யாரிடமும் சொன்னதில்லை. படிப்பை விடப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லத்தான் இன்று வந்தேன்.

வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிப் போகிறேன்.

ஸ்டேசனில் அவளை யாராவது பார்த்தால், எனக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.