வாலில் ஓர் இறகு குறைந்த மயில்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் நான் ஒரு மயிலைத் திருடினேன்.

பறக்கிற மயில் இல்லை, வெற்றிலை மயில். நிச்சயதார்த்தத்தில் சீர் தட்டு வைப்போமே, அதில் நடுநாயகமாக உட்காருகிற மயில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், கோமதி என்ற இளம்பெண் செய்வது.

சீர் தட்டு அலங்காரம்தான் அவள் தொழில். மலாய்க் கல்யாணங்களில் வெற்றிலையை மடித்து மடித்துக் கோபுரம்போல் அடுக்கிக் கொண்டுபோவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்பை ஒரு மலாய் அக்காவிடம் கற்றுக்கொண்டு நம் தட்டுக்குக் கொண்டுவந்தாள். தேங்காய்தான் மயிலின் உடம்பு. மஞ்சள் கிழங்கு அலகு. தோகை முழுக்க வெற்றிலை, இறகு நுனிக்கு நுனி கொட்டைப்பாக்கு. பசை கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. விசேஷம் முடிந்ததும் மயிலைப் பிரித்து வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்காகக் கொடுத்துவிடலாம். எவ்வளவு நல்ல யோசனை!

அதனால்தானே திருடினேன்...

என் இளைய மகளின் நிச்சயதார்த்தத்துக்காகக் கடைக்குப் போயிருந்தேன். மாதிரிக்கு ஒரு மயில் செய்து வைத்திருந்தாள். எப்படி மடிக்கிறாய் என்று கேட்டேன். தோகையின் நடுவிலிருந்து ஓர் இறகை உருவி, பிரித்துக் காட்டி, என் கையில் கொடுத்தாள். கீழே யாரோ கூப்பிட்டார்கள். அவள் படியிறங்கிப் போனாள். நான் கைப்பேசியை எடுத்தேன். க்ளிக்.

அந்தப் படத்தைக் கிள்ளானில் மண்டப அலங்காரம் செய்கிற சேகரிடம் காட்டினேன். பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னார். யாருடைய டிசைன் என்று கேட்டார்.

"நம்ம ஐடியாதான்" என்றேன். நாக்கு கூசவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். காப்பியடித்த மாணவர்களை எழுப்பி நிறுத்தியவன். அறிவுத் திருட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் முழங்கியவன். நீங்களும் படித்துப் பாராட்டினீர்கள்.

நிச்சயதார்த்தத்தன்று மயில் வந்தது. சேகர் நாணயமான தொழில்காரர். படத்தில் இருந்ததை அப்படியே செய்திருந்தார். அப்படியே என்றால், தோகை நடுவில் ஓர் இறகு இல்லாத இடைவெளியையும் சேர்த்து.

நான் கவனிக்கவில்லை. என் மச்சான் கவனித்தார். கவனித்தவர் சும்மா இருப்பாரா? பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள் அல்லவா, அவள் விட்டுப்போகிற இடம்தான் இது என்று சபையில் விளக்கம் கொடுத்தார். அத்தைமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னமாக யோசித்திருக்கிறீர்கள் என்றார். நான் என்ன செய்தேன்? அடக்கமாகச் சிரித்தேன். அடக்கம்!

(சேகர் இலைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்ட பெரியப்பாவின் பல்செட் பட்ட பாடு... வேண்டாம், விடுங்கள்.)

படம் குடும்பக் குரூப்புகளில் பறந்தது. கிள்ளானிலிருந்து அம்பாங் வரை மேடைக்கு மேடை சேகரின் மயில். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓர் இறகு இல்லை. கோமதியின் கடைக்குப் போனவர்களோ அவளுடைய முழுத் தோகையைப் பார்த்துவிட்டு, கிள்ளான் மயிலைப் பார்த்துச் செய்ததா, அதில் ஓர் இடைவெளி இருக்குமே, அதை விட்டுவிட்டாயே என்று கேட்டிருக்கிறார்கள். சொந்த மயிலுக்கே அவள் காப்பிக்காரி ஆனாள். ஆர்டர்கள் நின்றன. கடையை மூடிவிட்டு ஜெஞ்சாரோமில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம் என்று என் மனைவி சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

மறுநாள் மாடிப்படி ஏறினேன். உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கு நறுக்கிக்கொண்டிருந்த கோமதி நிமிரவில்லை.

"தெரியும் அங்கிள். முதல் போட்டோ பார்த்தப்பவே தெரியும்."

"எப்படிம்மா?"

"தோகையில அந்த கேப் ஒரே ஒரு மத்தியானம்தான் இருந்துச்சு. நீங்க வந்த அன்னிக்கு. அந்த இறகை உங்க கையிலதானே குடுத்தேன்."

"நான் திருப்பித் தரலையா?"

"எங்கலா தந்தீங்க? பாக்கோட சேர்த்து மென்னுக்கிட்டே படி இறங்கிப் போனீங்க."

திருடியதோடு நிற்காமல் தடயத்தையும் தின்றிருக்கிறேன்.

பத்தியில் எழுதி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் முகம் இறுகியது.

"நீங்க அழகா எழுதுவீங்க. படிக்கிறவங்க உங்களைத்தான் பெரிய மனுஷன்னு சொல்வாங்க. எங்க உங்க ஐடியான்னு சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க அங்கிள்."

முதலில் சேகரிடம் போனேன். ஊரெல்லாம் சாரின் டிசைன் என்று சொல்லித்தானே விற்றேன் என்றார். அதோடு திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு என் மகளின் கல்யாணம். கிள்ளான் மண்டபம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அதே சபை. மேடையில் கோமதியின் மயில், முழுத் தோகையோடு. மைக்கைப் பிடிக்கும் முன் மகளிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்கப்பா. ஆனா சுருக்கமா" என்றாள். என்னைத் தெரிந்தவள்.

சொன்னேன். இந்த மயில் என் யோசனை இல்லை, கோமதியுடையது, நான் திருடிப் பொய் சொன்னேன் என்று சுருக்கமாகவே சொன்னேன். சம்பந்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அடி மச்சானுக்குத்தான். அவர் கொடுத்த விளக்கம் என் கைப்பேசிக்குப் பிறந்தது என்று தெரிந்துவிட்டதே!

அப்புறம்? சேகர் தானாகவே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார். இப்போது மேடை அவர் பொறுப்பு, மயில் கேட்டு வருகிறவர்களைக் கோமதியிடம் அனுப்பிவிடுகிறார். கடை மூடவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். வருகிறவர்கள் முழுத் தோகை வேண்டாம் என்கிறார்கள். மச்சானின் விளக்கம் அவ்வளவு தூரம் பரவிவிட்டது. கோமதிக்கு முதலில் எரிச்சல். பிறகு யோசித்து, இடைவெளியை அப்படியே விட்டு, குறைகிற இறகைத் தனியாக ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா அதை எடுத்துச் செருக வேண்டும். பெண் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில், இது நம் பரம்பரை வழக்கம் என்று ஒரு பெரியவர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பரம்பரை வழக்கங்களில் எத்தனை இப்படிப் பிறந்தவையோ, யார் கண்டது?

இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று கோமதி சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். மன்னித்தாளா? கேட்கவில்லை. போனால் டீ கொடுக்கிறாள், சிரிக்கிறாள்.

கடை வாசலில் மட்டும் ஒரு மூங்கில் கூடை வைத்திருக்கிறாள் — உள்ளே நுழையும் முன் கைப்பேசியை அதில் போட்டுவிட வேண்டும். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த விதி கிடையாது.