மூன்று தடவையும் ஒரு "டொக்"கும்

முதலில் ஈர விறகு எரிவதுபோலக் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் பாட்டு. வடக்கனந்தலில் எங்கள் சித்தப்பா, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் "ரேடியோ செட்" வைத்திருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ, புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு அவர் முதலில் போடுவது, மழையைக் கூப்பிடும் ஒரு பழைய சினிமாப் பாட்டின் "ரெக்கார்டை"த்தான். ஒருமுறை மாட்டுவண்டியிலிருந்து பெட்டி சரிந்ததில் அந்த ரெக்கார்டின் நடுவே கீறல் விழுந்துவிட்டது. முள் அங்கே வந்ததும் சிக்கிக்கொண்டு, பாடிய வரியையே திரும்பத் திரும்பப் பாடும். சித்தப்பா வெற்றிலை மென்றபடி மூன்று தடவை பாடவிட்டு, பெட்டியின் ஓரத்தில் விரலால் "டொக்" என்று தட்டுவார். பாட்டு அடுத்த வரிக்குப் போகும். நான்காவது தடவைக்கு விட்டதே இல்லை. ஒழுங்கான மனிதர்.

அதனால் நடவு வயலில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடும்போதும் அந்த வரி மூன்று தடவை வரும், பிறகு நாக்கால் ஒரு "டொக்". முதல் குரல் அம்மாவுடையது. எங்கள் "வூட்டில்" ரேடியோ கிடையாது. அம்மா பாடியதைக் கேட்டுத்தான் கற்றேன். பாட்டை எழுதியவரே "டொக்"கையும் சேர்த்து எழுதியிருக்கிறார் என்று நம்பிய அறிவாளி நான்.

ஆறாம் வகுப்பில், கள்ளக்குறிச்சிப் பள்ளியின் ஆண்டு விழாவில் பாட்டுப்போட்டி. முதல் பரிசு எவர்சில்வர் தட்டு. என் குரலைப் பற்றி எனக்கு அப்போது மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததால், அந்தத் தட்டை வைக்க அலமாரியில் இடமே ஒதுக்கிவிட்டேன். அம்மா அன்று நடவுக்குப் போகாமல், கூட நடும் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வரியை இரண்டாவது தடவை பாடியதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது.

"அய்ய, ரெக்கார்டு தேஞ்சுபோச்சுடி!" என்று முன்வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

பாட்டை நிறுத்திவிட்டேன். மைக்கைப் பிடித்தபடி, மூக்கு ஒழுக நின்றேன். அப்போது கடைசி வரிசையில் அம்மா எழுந்து, வயலுக்கு மட்டுமே பொருத்தமான அந்தப் பெரிய குரலில் மூன்றாவது தடவையைப் பாடினாள். மற்ற நால்வரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நாக்குகளும் ஒன்றாக "டொக்" அடித்தன. எனக்கு வேறு வழியில்லை. அடுத்த வரியைப் பிடித்துப் பாடி முடித்தேன்.

தட்டு வேறொருத்தியின் அலமாரிக்குப் போயிற்று. மேடையிலிருந்து இறங்கும்போது பாட்டு டீச்சர் என் காதருகே குனிந்து, "அந்த வரி ஒரு தடவைதாம்மா வரும்" என்றார். இதை அம்மாவிடம் சொல்லவே கூடாதென்று அன்றே முடிவு செய்தேன். பாவம், தெரியாமல் அத்தனை பேர் முன்னால் பாடிவிட்டாளே!

அந்த ரகசியத்தைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கேசட் காலத்தில் கட்டைக்குரல்காரர் ஒருவர் அதே பாட்டைப் பாடினார். பிறகு இன்னொருவர் டிரம்ஸை உருட்டிக்கொண்டு பாடினார். யாராவது ஒருவர், எனக்காக, அந்த வரியை மூன்று தடவை பாடியிருக்கலாம், பாடவில்லை. ஒவ்வொரு முறையும் பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன்.

"இந்தாளு அவசரக்காரன்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்பாள். நான் வேகவேகமாகத் தலையாட்டுவேன்.

போன மாதம், சின்னப் பெண்ணொருத்தி பாடிய புதுப் பதிவு போனில் வந்தது. அம்மாவால் இப்போது எழுந்து நடமாட முடியாது. கட்டிலருகே உட்கார்ந்து போட்டுக்காட்டினேன். அந்த வரி முடிந்ததும் திரையில் விரலை வைத்துப் பாட்டைப் பின்னால் இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும், கட்டில் சட்டத்தில் "டொக்" என்று தட்டினேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "எத்தினி நாளைக்குடி இப்டி ஏமாத்திக்கினு இருப்பே? அது ஒரு வாட்டிதான். வேலைக்குப் போற வூட்டு ரேடியோல கேக்காதவளா நானு?"

"அப்ப அன்னிக்கு இன்னாத்துக்கும்மா எழுந்து பாடினே?"

"நீ ஒண்டியா நின்னுக்கினு இருந்தியே."

சித்தப்பா இப்போது இல்லை. அந்த ரெக்கார்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. புளியமரம் இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. புதுப் பதிவுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் சுத்தமாக வருகின்றன. உண்மை வெளிவந்துவிட்டதே என்று, அன்று மாலை பாட்டை அதன் போக்கில் ஓடவிட்டேன். அந்த வரி ஒரே தடவையில் கடந்து போயிற்று.

அம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னாடி, இழுக்க மாட்டியா?" என்றாள்.